மலையகத்துத் தேநீர்க்கடை

உணவை ஈதலும் உணவை விற்றலும் தமிழர் பண்டுதொட்டு அறிந்த இருவேறு நெறிகள். மணிமேகலையின் கையில் விளங்கிய அமுதசுரபி முன்னையதற்கு இலக்கியம் தந்த அடையாளம். புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்திற் பிட்டு விற்ற காழியரும் அப்பம் விற்ற கூவியரும் பின்னையதற்குச் சிலப்பதிகாரம் காட்டும் சான்று. அன்னம் இடுதல் அறம் என்றும், அன்னம் விற்றல் பிழைப்பு என்றும் கருதிய சமுதாயம், சத்திரத்தையும் மடத்தையும் போற்றிய அளவிற்குச் சோற்றுக்கடையைப் போற்றியதில்லை. ஆயின், ஈழத்து மலைநாட்டிற் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது நெறியொன்றின்கீழ் வாழ நேர்ந்தது. அவர்களது சோறு ஈயப்பட்டதுமன்று. அவர்களே கடைக்குச் சென்று விலை பேசி வாங்கியதுமன்று. அது சம்பளக் கணக்கிற் கடனாக எழுதி அளக்கப்பட்ட சோறு.

அக்கடன் சோற்றிற்கு எதிரே, கையிலுள்ள காசைக் கொடுத்து அமர்ந்து உண்ணும் சிறு கடை எவ்வாறு இடம் பெற்றது, அங்கும் லயத்தின் அடுப்பிலும் வேகும் கோதுமை ரொட்டி எவ்வாறு மலையகத்தின் உணவாயிற்று, ஓலைப்பாயும் ஓட்டை வாங்குமாய் இருந்த அவ்விடம் மக்கள் நெஞ்சிற் பற்றுக்கொண்டமைக்குக் காரணம் யாது என்பன ஈண்டு ஆராயத்தக்கன. கொட்டகலைக் கடைத்தெருவும் அதன் அயலும் இவ்வாராய்ச்சிக்கு எடுத்துக்காட்டாகும்.

ஊரும் பாதையும்

கொட்டகலை அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே அமைந்த சிற்றூர். டிரேட்டன், ஸ்டோனிகிளிப், மவுண்ட் வேர்ணன், ரொசிட்டா முதலிய தோட்டங்கள் அதன் அயலில் உள்ளன. மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1874ஆம் ஆண்டில் நாவலப்பிட்டியையும், 1884ஆம் ஆண்டில் அட்டனையும், 1885ஆம் ஆண்டில் நானுஓயாவையும் அடைந்தது. அட்டனை விட்டுப் புறப்படும் வண்டி சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்தே கொட்டகலையைச் சேரும். பாதை போடப்பட்டது தோட்ட விளைவைக் கொழும்பிற்குக் கொண்டு செல்லற்பொருட்டு. ஆயினும் தேயிலையைக் கீழே இறக்கிய அதே வண்டி அரிசியையும் மிளகாயையும் தேங்காயையும் மேலே ஏற்றி வந்தது. நிலையம் இருந்த இடத்திற் பண்டசாலை எழுந்தது; பண்டசாலையின் அருகே கடைகள் தோன்றின.

கடைத்தெரு நிலைபெற்றமைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பெரும்பாலும் பருவத்திற்கு வந்து பருவம் முடியத் தாயகம் மீள்வோராக இருந்தனர். 1869ஆம் ஆண்டில் முதன்முதற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே ஆடவரும் பெண்டிரும் சிறாரும் குடும்பமாக மலையிலே தங்கினர். நிலையாகத் தங்கிய குடிகள் இருந்தமையால் நிலையான கடைகளும் இருக்கலாயின. சுற்றிலும் உள்ள நிலமனைத்தும் தோட்டத்திற்கு உரியதாக, தெருவோரத்து ஒடுங்கிய நிலத்துண்டே துரையின் அதிகாரத்திற்குப் புறம்பான இடமாயிற்று. கடைத்தெருவின் வரலாற்றில் இவ்வுண்மை மறக்கத்தகாதது.

கணக்கில் எழுதிய சோறு

தோட்டத்தில் அரிசி விளைவதில்லை. தென்னிந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசியைத் தோட்ட நிருவாகம் மொத்தமாக வாங்கித் தொழிலாளருக்கு அளந்து கொடுத்தது. அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. வழிச்செலவிற்குக் கங்காணி கொடுத்த முற்பணமும் அத்தொழிலாளியின் பெயரிலேயே கடனாக நின்றது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குச் செல்ல விரும்புவோன், தான் பட்ட கடன் இவ்வளவு எனக் காட்டும் 'துண்டு' ஒன்றைப் பெற்றே செல்ல வேண்டியிருந்தது. அக்கடனைத் தீர்க்கும் புதிய தோட்டம் அவனைப் பெற்றுக்கொண்டது. இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் வழி, உயர்மலைத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆடவருக்கு 54 சதமும் பெண்டிருக்கு 43 சதமும் என விதிக்கப்பட்டது. அவ்விதிப்பிலும் தோட்டம் வழங்கும் அரிசியின் விலை சம்பளத்தோடு இணைத்தே நோக்கப்பட்டது.

இதன் விளைவு யாதெனின், உழைப்பவன் தன் உழைப்பின் பயனைப் பெரும்பாலும் அரிசியாகவே கண்டான். காசாகக் கண்டது சிறிதே. எந்த அரிசி, எவ்வளவு, எப்போது என்பவற்றை அவன் தீர்மானிக்கவில்லை. பெரிய கங்காணிமார் தோட்டத்துள்ளேயே கடை வைத்து, மற்றைப் பண்டங்களைக் கடனுக்குக் கொடுத்துச் சம்பள நாளிற் பிடித்துக்கொண்டமையும் உண்டு. உண்ணும் ஒவ்வொரு கவளமும் ஏதோவொரு கணக்குப் புத்தகத்திற் பதிவானதே.

கடையும் கைக்காசும்

சம்பள நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தோட்டத்து மக்கள் கடைத்தெருவிற்கு இறங்கினர். அங்குச் சாமான் கடையும் புடைவைக் கடையும் அடகுக் கடையும் இருந்தன. அவற்றிடையே தேநீர்க்கடையும் இருந்தது. தமிழர் நடத்திய சைவக் கடை, முஸ்லிம்களின் ஓட்டல், சிங்களவரின் கடை என மூவகைக் கடைகளும் மலைநாட்டுக் கடைத்தெருக்களில் அருகருகே காணப்பட்டன. சைவக் கடையில் தோசை, இட்டலி, உளுந்து வடை. மற்றவற்றிற் பாண், பருப்பு, மாசிச் சம்பல், பணிஸ். எல்லாவற்றிலும் ரொட்டியும் தேநீரும். பால் சேராத தேநீரைப் 'பிளேன்டீ' என்றும் 'சாயம்' என்றும் மக்கள் வழங்கினர். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு அச்சாயத்தை உறிஞ்சுதல் வறுமை கற்பித்த சிக்கனம். பின்னர் அதுவே சுவையாயிற்று.

அத்தேநீரின் தரம் நினைக்கத்தக்கது. தலவாக்கலையில், கொட்டகலைக்கு அண்மையிலேயே, தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. அந்நிறுவனம் 1925இல் நிறுவப்பட்டது. உலகெங்கும் இலங்கைத் தேயிலையை விளம்பரம் செய்தற்கு 1932இல் ஒரு சபையும் ஏற்பட்டது. இவ்வளவு ஆராய்ச்சிக்கும் விளம்பரத்திற்கும் உரிய உயர்ந்த தேயிலை கப்பலேறிச் சென்றது. அதனைப் பறித்தவர் கையிற் கிடைத்தது தூளே. எனினும் அத்தூளைக் கொதிநீரில் ஊற்றி, உயரத் தூக்கி ஆற்றி, நுரையோடு மேசைமேல் வைத்த கடைக்காரன், அதனைக் குடிப்பவனை வாடிக்கையாளன் என்று கருதினான். தோட்டத்திற் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கூப்பிடப்படுபவன், இங்கே வாங்கில் அமர்ந்து, 'ஒரு சாயம் போடுங்கள்' என்று தானே கேட்டான். விலையைத் தன் கையாலே கொடுத்தான். கேட்டலும் கொடுத்தலும் ஆகிய இவ்விரு செயல்களும் தோட்டத்து வாழ்வில் அவனுக்கு அரிதாகவே வாய்த்தன.

கடையிலும் கடன் கொப்பி இருந்தது என்பது உண்மையே. ஆயின், அக்கடன் துரையின் கணக்கிற் கழிக்கப்படுவதன்று. இருவர் முகம் பார்த்து ஒப்புக்கொண்ட கடன். கொடுக்க இயலாத மாதத்தில் அது அடுத்த மாதத்திற்குத் தள்ளப்படும். கடனிலும் ஒரு மதிப்பு உண்டென்பதைத் தொழிலாளி உணர்ந்த இடம் அக்கடை.

அரிசி போய் மாவு வந்த காலம்

மலையகத்தின் பழைய உணவு ரொட்டியே என்று இக்காலத்தோர் பலர் எண்ணுவர். கடல் கடந்து வந்த மூதாதையர் சோறும் களியும் கூழும் உண்டவராவர். கோதுமை அவர்கள் வயலில் விளைந்ததன்று. ரொட்டி நாள்தோறும் உண்ணும் உணவாகப் பரவியதற்குப் போரும் பங்கீடுமே பெருங்காரணம்.

1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. அதிற் பர்மாவின் பங்கு மிகப் பெரிது. அவ்வாயில் அடைபடவே நாடெங்கும் அரிசிப் பங்கீடு ஏற்பட்டது. குறைந்த அரிசிக்கு ஈடாக அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கோதுமை மாவு வழங்கப்பட்டது. வயலும் புன்செயும் உள்ள கிராமத்தார் தம் விளைவைக் கொண்டு ஓரளவு தாங்கினர். நிலமற்ற தோட்டத் தொழிலாளருக்குப் பங்கீட்டில் வந்ததே உணவு. மாவு வந்தபோது மாவே உணவாயிற்று.

ஒரே நெருக்கடி வேறோர் ஊரில் வேறொரு பலகாரத்தைப் பிறப்பித்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த மையா சகோதரர் 1924இல் பெங்களூரிற் சிற்றுண்டிச்சாலை ஒன்றை நிறுவினர். மாவள்ளி டிபன் ரூம் என்ற பெயரால் அது இன்றும் புகழ்பெற்று விளங்குகின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி அரிதானபோது, ரவையைக் கொண்டு இட்டலி செய்யும் முறையைத் தம் கடையே கண்டதென்பது அந்நிறுவனத்தாரின் கூற்று. அங்கே அரிசித் தட்டுப்பாடு சமையல் வல்லுநரின் கையில் ஒரு புதுமையாயிற்று. வாடிக்கையாளர் அதனை விரும்பி ஏற்றனர். மலையகத்திலோ அதே தட்டுப்பாடு விருப்பிற்கு இடமின்றி லயத்தின் அடுப்பிற்கு வந்தது. அதனை விரும்பத்தக்கதாக ஆக்கியவர், பெயர் பதியப்படாத பெண்டிர்.

அவர்கள் செய்த முறை எளியது. மாவோடு துருவிய தேங்காயும் உப்பும் சேர்த்து, நீர் விட்டுப் பிசைந்து, கையால் தடிப்பாகத் தட்டிக் கல்லிற் சுட்டனர். விடியுமுன் எழுந்து பிரட்டிற்கு ஓட வேண்டியவர்க்கு, உலை வைத்துச் சோறு வடித்துக் கறி சமைப்பதற்கு நேரம் இல்லை. ரொட்டி விரைவில் வெந்தது. குழம்பு வேண்டாது, இடித்த சம்பலோடு உண்ணத்தக்கதாயிற்று. சீலைத்துண்டிற் சுற்றி மலைக்கு எடுத்துச் செல்லவும் இசைந்தது. குளிரிலும் மழையிலும் நின்று கொழுந்து பறிப்பவர் வயிற்றில் அது நெடுநேரம் தங்கியது. தேவையினால் வந்த உணவு தொழிலின் ஒழுங்கோடு பொருந்தியமையாலேயே போர் முடிந்த பின்னும் நீங்காது நிலைத்தது. 1953ஆம் ஆண்டிற் பங்கீட்டரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதும், பிற்காலத்தில் அமெரிக்க உதவித் திட்டத்தின்கீழ் மாவு வந்து சேர்ந்ததும் அவ்வழக்கத்தை மேலும் உறுதிப்படுத்தின. கடையும் அச்சுவையைத் தனதாக்கிக் கொண்டது. லயத்தில் அவசரத்திற் சுடப்பட்டது, கடையில் ஆற அமர உண்ணும் பொருளாயிற்று.

ரொட்டியின் உறுப்புக்களை எண்ணிப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். மாவு கடல் கடந்து வந்தது. தேங்காய் தாழ்நிலத்திலிருந்து வந்தது. தென்னை அக்குளிர்மலையிற் காய்ப்பதில்லை. சம்பலின் மாசி மாலைதீவிலிருந்தும், மிளகாய் இந்தியாவிலிருந்தும் வந்தன. அம்மலையில் விளைந்தது அருகே வைத்த தேநீர் ஒன்றே; அதுவும் கழிந்த தூள். உலகிற்குப் பருகப் பொருள் கொடுத்த மலை, தன் மக்களின் உணவுக்கு முழுவதும் பிறரை எதிர்நோக்கி நின்றது.

பேச்சும் வாக்கும்

தோட்டத்திற்குள் வெளியார் நுழைதலைத் தடுக்கச் சட்டத்தின் துணை துரைமாருக்கு இருந்தது. தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பிய கோ. நடேசையர் புடைவை வணிகர் கோலத்தில் தோட்டங்களுக்குட் சென்றார் என அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். அவர் 1931இல் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, அட்டனைத் தலைமையிடமாக்கினார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். தோட்டத்துட் கூட்டம் கூட இயலாத காலத்திற் கடைத்தெருவே கூடுமிடமாயிற்று. தேநீர்க்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, எழுத்தறியாதார் சூழ்ந்திருந்து கேட்டல் தமிழ்நாட்டைப் போலவே மலைநாட்டிலும் வழங்கியது. ஒரு தோட்டத்துச் செய்தி அவ்வாறே மறு தோட்டத்தை அடைந்தது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் கொட்டகலை தனித் தொகுதியாக விளங்கியது. இலங்கை இந்திய காங்கிரசின் வேட்பாளராகிய கே. குமாரவேலு அங்கு வெற்றி பெற்றார். அண்டையிலுள்ள தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும், நுவரெலியாவிற் சௌ. தொண்டமானும் வென்றனர். அக்கட்சியினர் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களைத் தெரிவு செய்த மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சியினர் ஒருவரும் பாராளுமன்றம் செல்லவில்லை. நாட்டிற்கு உரியவர் அல்லர் எனச் சட்டம் கூறியவரைத் தன் வாடிக்கையாளர் என ஏற்ற இடமாகக் கடை எஞ்சியது. அது சிறு உரிமையே. பிற உரிமைகள் போனபோது அச்சிறுமையின் மதிப்பு உயர்ந்தது.

யார் அமர்ந்தனர்

இங்ஙனம் கூறுவதனாற் கடை சமத்துவத்தின் கோயிலாக விளங்கியது என்று கொள்ளுதல் தவறாகும். சைவக் கடையின் தூய்மை பற்றிய எண்ணத்துள்ளே சாதியின் நிழலும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்டோர் தேநீர்க்கடைகளுள் நுழைந்து அமர்தற்கே போராட வேண்டியிருந்தது. உண்டிச்சாலை முதலிய பொதுவிடங்களிற் சாதி காரணமாகத் தடை செய்தலைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்தது. சட்டம் வந்த பின்னும், 1966 முதல் 1968 வரை வடபகுதியில் ஆலயப் பிரவேசப் போராட்டத்தோடு தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டமும் நிகழ்ந்தது. மலைநாட்டு லயங்களிலும் சாதிப் பிரிவு அறியப்படாததன்று. ஆயினும் பல தோட்டத்தாரும் வந்து கலக்கும் கடைத்தெருவில், அமர்ந்திருப்பவனின் குலத்தைக் கடைக்காரன் அறிதல் எளிதன்று. ஒருவரையொருவர் அறியாமையே அங்குச் சமத்துவத்திற்குத் துணையாயிற்று எனல் பொருந்தும்.

மற்றொரு குறை நெடுங்காலம் நீடித்தது. தேயிலைத் தொழிலின் முதுகெலும்பாக விளங்குவோர் கொழுந்து பறிக்கும் பெண்டிர். எனினும் கடையின் வாங்கில் அமர்ந்து உண்டோர் பெரும்பாலும் ஆடவரே. பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ சென்று பெறும் வழக்கமும் தோட்டங்களில் இருந்தது. பெண்டிர்க்கு ஆடவரோடு ஒத்த நாட்சம்பளம் 1984ஆம் ஆண்டிலேயே கிட்டியது. கைக்காசு தந்த மதிப்பைப் பற்றிப் பேசும்போது, அக்காசு யார் கைக்குச் சென்றது என்பதையும் கேட்டல் வரலாற்றாசிரியனின் கடமை. கடையிலிருந்து கடதாசியிற் சுற்றி லயத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட பணிசும் வடையுமே பெண்டிரும் சிறாரும் அறிந்த கடை.

பிரிவும் பஞ்சமும்

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னர் தீர்மானிக்கப்படுவதாயிற்று. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கி மக்களை ஏற்றிச் சென்ற வண்டியை 'ஒப்பாரிக் கோச்சி' என மக்கள் அழைத்தனர். ஒரே லயத்திற் பிறந்தவர் ஒருவர் வண்டியிலும் ஒருவர் மேடையிலும் நின்று அழுதமையாற் பிறந்த பெயர் அது.

1973, 1974 ஆகிய ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவுப் பொருள்களின் விலை ஏறியது. இலங்கையிற் பங்கீடு குறைக்கப்பட்டது. அரிசியும் மாவும் ஒருங்கே அரிதாயின. தோட்டங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. 1942இல் அரிசி போனபோது மாவு இருந்தது. இப்போது மாவும் போயிற்று. கடை திறந்திருந்தும் காசு கொடுத்து வாங்க இயலாத நிலையிற் கடையின் எல்லை வெளிப்பட்டது. பசித்தவனுக்கு மதிப்பளிக்கக் கடையால் இயலும்; பஞ்சத்தைத் தடுக்க இயலாது.

1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நுவரெலியா, பதுளை முதலிய மலைநாட்டு நகரங்களில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. தெருவோரத்துச் சிறு நிலத்துண்டே தமக்குரிய பொதுவிடமாக இருந்த மக்களுக்கு அவ்விழப்புப் பொருளிழப்பு மட்டுமன்று. எரிந்த கடைகள் பல மீண்டும் எழுந்தன, சில மீளவில்லை.

இற்றை நிலை

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்றோர் என்ற நிலை சட்டத்தளவில் முடிவுற்றது. கொட்டகலைக் கடைத்தெருவில் இன்று கொத்துரொட்டியும் பிற புதிய உணவுகளும் இடம் பெற்றுள்ளன. ஆயினும் தேங்காய் ரொட்டியும் சம்பலும் சாயமும் நீங்கவில்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிற் கோதுமை மாவின் விலை பன்மடங்காக உயர்ந்தபோது, எண்பது ஆண்டுகளுக்கு முன் இரங்கூனின் வீழ்ச்சியை உணர்ந்த அதே அடுப்புக்கள் உக்ரேன் போரையும் உணர்ந்தன. மலையகத்தின் உணவு இன்னும் மலையகத்தின் கையில் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மலையகத்து இளைஞர் பலர் தோட்டத்தை விட்டுக் கொழும்பு முதலிய நகரங்களின் உண்டிச்சாலைகளில் தொழில் செய்கின்றனர். தாத்தா வாங்கில் அமர்ந்து சாயம் கேட்டார். பேரன் மேசையருகே நின்று, 'என்ன வேண்டும்?' என்று பிறரைக் கேட்கின்றான். இதனை முன்னேற்றம் என்று மட்டும் கூறுதலும், வீழ்ச்சி என்று மட்டும் கூறுதலும் பொருந்தா. அவன் பெறும் கூலியும், அவன் உண்டு உறங்கும் இடமும், அவன் மீளும் வீடும் யாவை என்பவற்றைக் கொண்டே அது துணியப்படும்.

சுருங்கக் கூறின், தோட்டத்தில் உணவு கடனாக அளக்கப்பட்டது; கடையில் உணவு கேட்டுப் பெறப்பட்டது. உணவு பெரும்பாலும் ஒன்றே. பெறும் முறையே வேறு. அம்முறையின் வேறுபாடே தேநீர்க்கடையை மக்கள் நெஞ்சிற்கு உரியதாக்கியது. மலையக வரலாற்றை எழுதுவோர் சட்டங்களையும் உடன்படிக்கைகளையும் ஆராய்தல் இன்றியமையாதது. அவற்றோடு, அம்மக்கள் தம் காசைத் தாமே எண்ணிக் கொடுத்த மேசையையும், அம்மேசையில் இடம் பெறாது அடுப்பங்கரையில் ரொட்டி தட்டிய கைகளையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும். ஆங்காங்கே வாழும் முதியோரின் நினைவிலிருந்து அச்செய்திகளைக் கேட்டு எழுதி வைத்தல், மலைநாட்டுப் பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர் இன்றே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.